அக்ரிலிக் வெட்ட வந்த மருமகனுக்கு

மருமகனே,

ஐ.டி.ஐ. முடித்த கையோடு பெங்களூரில் காமாட்சிபாளையாவுக்கு வேலைக்கு வருகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். "லேசர் மெஷினாமே அண்ணா, கையைக் கிய்யைச் சுட்டுக்கப் போறான்" என்று அவளுக்குக் கவலை. எனக்குக் கவலை கையைப் பற்றி இல்லை. சுட்ட கை அந்த நிமிஷமே பாடம் சொல்லிவிடும். அக்ரிலிக் அப்படிச் சொல்லாது. வெட்டி எடுத்த அன்று எந்த ஷீட்டும் பளபளவென்றுதான் இருக்கும். சூடு அதற்குள் என்ன செய்துவைத்தது என்பது மூன்றாம் நாளோ மூன்றாம் மாதமோ, வேறு யார் வீட்டுச் சுவரிலோ மேசையிலோ தெரியவரும். அதற்குள் நீ கூலியை வாங்கிச் செலவும் செய்திருப்பாய். மெஷின் ஓட்ட ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வாய். அதற்கு நான் வேண்டாம். அந்த மூன்றாம் நாளை நினைத்து வேலை செய்ய வேண்டுமே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

1. சிவப்புப் புள்ளியை நம்பாதே.

ஷீட்டின் மேல் ஓடுகிற சிவப்புப் புள்ளி வெட்டுகிற லேசர் இல்லை, வெறும் வழிகாட்டி. வெட்டுகிற கதிர் கார்பன் டை ஆக்சைடு டியூபிலிருந்து வருவது. அலைநீளம் 10.6 மைக்ரான், கண்ணுக்கு எட்டாது. 1964-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்டுபிடித்த குமார் படேல் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்து புனேயில் இன்ஜினியரிங் படித்தவர். நம் கடைகளில் ஓடும் மெஷின்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன என்பது வேறு கதை.

மெஷினின் மூடியைப் பார். அதுவும் அக்ரிலிக்தான். இந்தக் கதிரை அக்ரிலிக் அந்தப் பக்கம் விடாமல் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஷீட் வெட்டுப்படுவதும் அதனால்தான், மூடி உன் கண்ணைக் காப்பதும் அதனால்தான். மூடி சுவிட்சுக்கு டேப் ஒட்டி, திறந்து வைத்தே ஓட்டுகிற பையன்களைப் பார்ப்பாய். கேட்டால் "டைம் மிச்சம்ணா" என்பார்கள். அப்படி ஓட்டியவன் ஒருவனுக்கு முழங்கையில் ஐம்பது பைசா அகலத்துக்குத் தழும்பு இருக்கிறது. கையோடு போனது அவன் அதிர்ஷ்டம்.

2. பெயர் தெரியாத ஷீட்டை மெஷினில் வைக்காதே.

பிளாஸ்டிக் என்று ஒரே ஒரு பொருள் கிடையாது. அக்ரிலிக் சூட்டில் உருகி, ஆவியாகி, கரி மிச்சமில்லாமல் போய்விடும். அதனால் விளிம்பு பளிச்சென்று வருகிறது. பாலிகார்பனேட் கருகும், விளிம்பு மஞ்சளாகிப் பழுப்பாகும். ஏ.பி.எஸ். நூல் இழுக்கும், நாறும். பாலிபுரொப்பிலீன் வெட்டின இடத்திலேயே உருகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். இவையெல்லாம் வேலையைத்தான் கெடுக்கும். பி.வி.சி. ஆளையும் மெஷினையும் சேர்த்துக் கெடுக்கும். அதில் குளோரின் இருக்கிறது. லேசர் பட்டதும் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு கிளம்பும். ரெயில் துருப்பிடிக்கும், பேரிங் இறுகும், லென்ஸ் மங்கும். இதற்கெல்லாம் மாற்றுப் பார்ட் எஸ்.பி. ரோட்டில் தேடி வாங்கிவிடலாம். நுரையீரலுக்கு எங்கே போவாய்?

பி.வி.சி. தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வராது. சன்போர்டு, ஃபோம் ஷீட், ரெக்சின் என்று வேறு வேறு பெயரில் வரும். ஆர்க்கிடெக்சர் படிக்கிற பிள்ளைகள் ஜூரிக்கு முந்தின ராத்திரி, மாடல் செய்ய வேண்டும் என்று சன்போர்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். கண்ணில் தூக்கம், கையில் பென் டிரைவ், "அங்கிள் ப்ளீஸ்". பாவமாகத்தான் இருக்கும். வெட்டாதே. கட்டர் பிளேடும் ஸ்டீல் ஸ்கேலும் எடுத்துக் கொடு, மேசையில் இடம் ஒதுக்கிக் கொடு, டீ வாங்கிக் கொடு. இரக்கம் காட்ட அதுவே போதும்.

சந்தேகம் வந்தால் செம்புக் கம்பிச் சோதனை இருக்கிறது. கம்பித் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, சுடரில் பச்சை தெரியாமல் போகிற வரை பழுக்கக் காய்ச்சு. அந்தச் சூட்டோடு ஷீட்டின் ஓரத்தில் அழுத்தி எடுத்தால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். மறுபடி நெருப்பில் காட்டு. சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். கடைக்கு வெளியே, காற்றோட்டத்தில் வைத்துச் செய். கொஞ்ச நேர வேலைதான். ஷீட் கொண்டுவந்தவர் முகம் கோணும். கோணட்டும்.

3. வாங்கின சரக்கை வாங்கினபடி சொல்.

அக்ரிலிக்கிலேயே இரண்டு வகை உண்டு. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவமாக ஊற்றி இறுகவைத்தது காஸ்ட். உருக்கி அச்சு வழியாகப் பிதுக்கி எடுத்தது எக்ஸ்ட்ரூடட், விலை குறைவு. லேசரில் எழுத்துச் செதுக்கினால் காஸ்டில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். எக்ஸ்ட்ரூடட்டில் மங்கலாக இருக்கும், சூட்டில் இளகி ஓரத்தில் பிசிறும் விடும். ஆனால் கனம் சீராக இருப்பது எக்ஸ்ட்ரூடட்டில்தான். 3 மி.மீ. என்று வாங்கின காஸ்ட் ஷீட் ஒரு மூலையில் 2.7 காட்டும். அதனால் வெட்டுவதற்கு முன் நாலு மூலையிலும் கேலிப்பர் வைத்துப் பார்.

எக்ஸ்ட்ரூடட்டை வெட்டுவது தப்பே இல்லை. அதை வெட்டிவிட்டு பில்லில் காஸ்ட் என்று எழுதுவதுதான் தப்பு. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது என்று முதலாளிகள் சொல்வார்கள். உனக்குத் தெரியுமே.

4. மூலையில் நிதானம் வேண்டும்.

2024 தொடக்கத்தில் இந்த ஊர் லேசர் கடைகளுக்கு ஒரு பொற்காலம் வந்தது. கடை போர்டுகளில் 60 சதவீதம் கன்னடம் இருந்தாக வேண்டும், பிப்ரவரி 28-க்குள் மாற்று என்று மாநகராட்சி கெடு வைத்துவிட்டது. ராத்திரி பகல் பாராமல் மெஷின்கள் ஓடின. நல்ல காசு. அவசரத்தில் வெட்டின எழுத்துகளும் ஊர் முழுக்கத் தொங்கின. நின்று பார்க்கிறவனுக்கு அவற்றில் நிறையப் பாடம் இருந்தது.

கன்னட எழுத்து வளைவும் சுழியுமாக ஓடும். அடியில் ஒத்தக்ஷரம் என்கிற கூட்டெழுத்து குட்டியாக உட்கார்ந்திருக்கும். நேர்கோட்டில் விறுவிறுவென்று போகிற லேசர் தலை, வளைவு வந்தால் வேகத்தைக் குறைத்துத்தான் திரும்பும். வேகம் குறைகிற இடத்தில் பவரும் குறையாவிட்டால் சூடு அங்கேயே தேங்கும். கூர்மையாக வர வேண்டிய மூலை மழுங்கும், அடிப்பக்கம் பொரிந்து வெளுக்கும், ஒல்லியான இடம் கோணிக்கொள்ளும். மெஷின் குறைந்தபட்ச பவர், அதிகபட்ச பவர் என்று இரண்டு எண் கேட்பது இதற்காகத்தான். இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டு ஷீட் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் உண்டு.

உள்ளே இருக்கும் ஓட்டையை முதலில் வெட்டு, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டு. நெருக்கமான எழுத்துகளை வரிசையாக வெட்டாமல் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று தள்ளித் தள்ளி வெட்டினால் முந்தின இடத்துச் சூடு ஆற நேரம் கிடைக்கும். மொத்த நேரம் சற்றுக் கூடும். பரவாயில்லை.

இன்னொன்று. கன்னடம் படிக்கக் கற்றுக்கொள். நுடி என்கிற கன்னட சாஃப்ட்வேரில் அடித்த ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்து சிதறும், ஒத்தக்ஷரம் இடம் மாறும். அந்தக் கெடு நாட்களில் ஒரு பேக்கரி போர்டு வெட்டி, ஒட்டி, ஏணி போட்டு மாட்டின பிறகு எதிர்க் கடைக்காரர் வாய்விட்டுப் படித்துச் சிரித்தார். அந்தப் பையன் படிக்கத் தெரியாமலே வெட்டியிருந்தான். நமக்குச் சோறு போடுகிற ஊரின் எழுத்து, மருமகனே. மெஷினில் போடுமுன் பக்கத்தில் இருக்கும் கன்னடக்காரர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடு.

5. ஆறப் பொறு.

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று நம் பக்கம் சொல்வார்கள். லேசர் கடைக்கு அதைவிடப் பொருத்தமான பேச்சு இல்லை.

லேசர் பட்ட விளிம்பு உருகி, அடுத்த நொடியே இறுகும். இறுகும்போது சுருங்கப் பார்க்கும். சூடே படாத உள்பக்கம் அதைச் சுருங்க விடாது. இந்த இழுபறி தீராமல் விளிம்பிலேயே தங்கிப்போகும். பார்த்தால் தெரியாது, தடவினால் தெரியாது. அந்த விளிம்பில் குளோரோஃபார்ம் விட்டு ஒட்டினாலோ, ஸ்பிரிட், தின்னர், அம்மோனியா கலந்த கிளாஸ் கிளீனர் எதையாவது போட்டுத் துடைத்தாலோ, இழுபட்டு நிற்கிற இடம் விட்டுக்கொடுக்கும். முடியைவிட மெல்லிய விரிசல்கள் உள்நோக்கி ஓடும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, துண்டைச் சாய்த்துப் பார். வெள்ளைக் கோடுகளாக மின்னி மறையும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கடைக்கு நகைக்கடை ஒன்றின் டிஸ்ப்ளே பெட்டிகள் ஆர்டர் வந்தது. சாயங்காலம் வெட்டி, வெட்டின சூட்டோடு சிரிஞ்சில் குளோரோஃபார்ம் ஏற்றி ஒட்டி, ராத்திரியே ஆட்டோவில் அனுப்பியாயிற்று. மறுநாள் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் போன் வந்தது. பெட்டிகளின் மூலையெல்லாம் சிலந்தி வலை. முதலாளி குளோரோஃபார்மில் கலப்படம் என்று விற்றவரிடம் சண்டைக்குப் போனார். பிறகு ஷீட் மட்டம் என்றார். கடைசியில் ஒட்டின பையனின் கை ராசியில்லை என்று அவனை வேலையை விட்டே அனுப்பினார். சூட்டின் மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூத்த ஆபரேட்டர் ஒருவர் யாரிடமும் பேசாமல், மிச்சம் கிடந்த துண்டுகளில் பாதியை ஓவனில் வைத்துப் பதப்படுத்தி ஆறவிட்டார். மறு பாதியை அப்படியே விட்டார். இரண்டையும் ஒரே பாட்டில் குளோரோஃபார்மில் ஒட்டி, முதலாளி மேசையில் அடுத்தடுத்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். ஒரு வரிசை விரிந்தது, ஒரு வரிசை விரியவில்லை. ஆனாலும் அந்தப் பையனை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. ஒரு காரியம் கெட்டால் முதலில் ஆளைத் தேடாதே, காரணத்தைத் தேடு. உனக்குக் கீழே நாளைக்கு நாலு பேர் வேலை செய்யும்போது இது நினைவிருக்கட்டும்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. காகிதத்தை உரித்துவிட்டு, துண்டுகளைச் சமதளத்தில் படுக்கவைத்து, 80 டிகிரி செல்சியஸில் குறைந்தது 2 மணி நேரம் வை. கனமான ஷீட்டுக்கு இன்னும் நேரம் வேண்டும். சுமார் 105 டிகிரியில் அக்ரிலிக் இளக ஆரம்பிக்கும், அந்தப் பக்கமே போகாதே. பிறகு ஓவனை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் விடு. அங்கேதான் எல்லோரும் தோற்பார்கள். வாசலில் வண்டி நிற்கும், ஆள் ஹாரன் அடிப்பான். சூட்டோடு வெளியே எடுத்தால் நீ போக்கின இழுபறி வேறு ரூபத்தில் உள்ளே வந்துவிடும். ஓவன் இல்லாத கடை என்றால், ஒட்ட வேண்டிய விளிம்பை மட்டும் வாளில் அறுத்துத் தேய்த்துக்கொள், அல்லது ஒட்டாமல் ஸ்க்ரூவில் பூட்டுகிற டிசைனாகக் கேள். துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும். குளோரோஃபார்மை ஜன்னலோரம் வைத்துக் கையாளு. அதன் ஆவி ஈரலுக்கு ஆகாது.

6. விரிவதற்கு இடம் விடு.

ஒரு மீட்டர் அக்ரிலிக் ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 0.07 மி.மீ. நீளும். கேட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும். இரண்டு மீட்டர் போர்டு விடியற்காலை 20 டிகிரியிலிருந்து மத்தியான வெயிலில் 50 டிகிரிக்குப் போனால் கணக்குப் போட்டுப் பார்: நாலு மி.மீ.க்கு மேல். ஸ்க்ரூ ஓட்டையை ஸ்க்ரூ அளவுக்கே போட்டு இறுக்கினால் போர்டு எங்கே போகும்? ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பும். ஓட்டையைப் பெரிதாகப் போடு, வாஷர் வை, கொஞ்சம் அசைகிற மாதிரி பூட்டு. கறுப்பு ஷீட் வெயிலை இன்னும் அதிகம் வாங்கும். பெங்களூர் குளுகுளு ஊர் என்று யாராவது சொன்னால், 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி அடித்த ஊர் இது என்று சொல்.

7. மெஷின் ஓடும்போது எழுந்து போகாதே.

அக்ரிலிக்கின் ஆவியே எரிபொருள். நாசில் வழியாக வருகிற காற்றுதான் சுடரை நிற்க விடாமல் ஊதித் தள்ளுகிறது. கம்ப்ரசர் திடீரென்று நின்றால் சுடர் நிற்கும்; ஷீட் பிடிக்கும்; அப்புறம் மெஷின், அப்புறம் கூரை. டீ வந்தால் மெஷினை நிறுத்து. போன் வந்தால் எடுக்காதே, நானே கூப்பிட்டாலும் எடுக்காதே. கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்று தினம் காலையில் பார்.

8. வெட்டு விழவில்லையென்றால் பவரை ஏற்றாதே.

அது சோம்பேறி வைத்தியம். நேற்று வெட்டின எண்ணில் இன்று வெட்டவில்லை என்றால் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. லென்ஸில் அக்ரிலிக் ஆவி படிந்திருக்கலாம். அழுக்கு லென்ஸ் கதிரைத் தானே குடித்துச் சூடாகி ஒருநாள் பிளந்துகொள்ளும். ஃபோகஸ் மாறியிருக்கலாம். சில்லர் தண்ணீர் சூடாகி டியூப் சோர்ந்திருக்கலாம். தண்ணீரை 20-லிருந்து 25 டிகிரிக்குள் வை. மழைக்காலத்தில் அதைவிடக் குளிரவைக்காதே. டியூபின் மேல் நீர் பூத்தால், அங்கே ஓடுகிற ஆயிரக்கணக்கான வோல்ட் வேறு வழி தேடும். பவரை ஏற்றினால் வெட்டு விழத்தான் விழும், கூடவே விளிம்புச் சூடும் ஏறும், மூன்றாம் நாள் விரிசலும் ஏறும். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் தாராளமாக வை, மூடியின் மேல். லென்ஸ் பக்கம் விபூதிக் கை போகக் கூடாது.

9. "எங்களிடம் ஆகாது" என்று சொல்லக் கூச்சப்படாதே.

பீன்யா பேக்டரிகளிலிருந்து மெஷினுக்குத் தடுப்பு மூடி செய்ய பாலிகார்பனேட்டைக் கொண்டுவருவார்கள். அடிபட்டால் உடையாது என்பதால் அவர்களுக்கு அதுதான் வேண்டும், நியாயம். லேசரில் வெட்டினால் பழுப்பு விளிம்பும் கரிப்புகையும்தான் மிச்சம். "இதற்கு ரவுட்டர்தான் சரி, அங்கே கொடுங்கள்" என்று சொல். ஆர்டர் கைவிட்டுப் போகும். அவர் திரும்பி வராமலும் போகலாம்.

10. எழுதி வை, துண்டை எடுத்து வை.

ஒரு நோட்டுப் போடு. ஷீட் கம்பெனி, வகை, நிறம், அளந்த கனம், பவர், வேகம், லென்ஸ், தேதி. ஒவ்வொரு வேலையிலும் கைவிரல் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, மார்க்கரில் தேதி எழுதி ஒரு டப்பாவில் போடு. மாதம் ஒருமுறை டப்பாவைக் கொட்டி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார். கஸ்டமர் சொல்லாத புகார்கள் அந்த டப்பாவில் இருக்கும். நோட்டை யாராவது கேட்டால் காட்டு, ஒளிக்காதே. எண்களை மறைத்து வைத்து யாரும் பெரிய ஆளாகி நான் பார்த்ததில்லை.

மெஜஸ்டிக்கில் இறங்கி மாகடி ரோடு பஸ் பிடி. முழுக்கை காட்டன் சட்டை போட்டு வா. பாலியெஸ்டர் வேண்டாம், நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். கேலிப்பருக்குக் காசு செலவழிக்காதே, என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. செருப்பில் வந்தால் மட்டும் உள்ளே விட மாட்டார்கள், ஷூ வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் மாமா